ரெகுலேட்டரும் பிடி கொழுக்கட்டையும்

செண்பகத்தின் கைப்பையைத் திறந்தால் ஒரு சீப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு தலைவலி மாத்திரை, ஒரு மாற்றுப் புடவை, அதற்கு மேல் ஒரு கேஸ் ரெகுலேட்டர் இருக்கும். ஆரஞ்சு நிற டியூபோடு சேர்த்துச் சுருட்டி, துணிக்கடைப் பை ஒன்றில் போட்டு வைத்திருப்பாள். அந்த ரெகுலேட்டர் தினமும் காலையில் பெரும்பாக்கத்தில் பஸ் ஏறி அடையாறுக்கு வந்து, நாளெல்லாம் ஆணியில் சும்மா தொங்கிவிட்டு, சாயந்தரம் மறுபடி பஸ் ஏறி வீடு திரும்பும். அப்படியொரு சொகுசான பிழைப்பு செண்பகத்துக்கே கிடையாது.

அடையாறில் அவள் சமையல் வேலை பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் ஒருநாள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, டியூபு கியூபெல்லாம் கீது? டாக்டருக்குப் படிக்கிறியா?"

"ஆமா. வா, ஊசி போடறேன்" என்று சொல்லிவிட்டு செண்பகம் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

காரணம் கேட்டால் அவள் வாயால் சொல்லமாட்டாள். முழங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வலது முழங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டைத் தாண்டி மோதிர விரலின் அடி வரைக்கும் தோல் சுருங்கி, பளபளவென்று வேறு நிறத்தில் இருக்கும். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்தது அது. அப்போது வீடு அடையாறு ஆற்றங்கரைக் குடிசை. அம்மா மந்தைவெளிப் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். தம்பிக்குச் சோறாக்கிப் போடுவது செண்பகத்தின் வேலை. எட்டு வயதில் உலை வைக்கிறாளே, என்ன கெட்டிக்காரி என்று தெருவே மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவராவது வந்து அந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கொடுத்தார்களா என்றால் இல்லை. ஒருநாள் அது குபீரென்று மேலே வந்தது. கை ஆறுவதற்கு ஆறு மாதம் ஆனது, மோதிர விரல் மட்டும் அன்றிலிருந்து பாதிக்கு மேல் மடங்குவதில்லை.

வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. அது அடையாறிலேயே இருந்தது. புருஷன் டில்லிபாபு பெயிண்டர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கட்டடம் கட்டடமாகப் போய்த் தங்கிவிடுவான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு. பதினொரு வயது அன்புக்கரசியும் ஆறு வயது விக்கியும் பகல் முழுக்கத் தனியாக இருந்தார்கள். என் பிள்ளைகள் பதினைந்து வயது வரைக்கும் நெருப்பைத் தொடக்கூடாது என்று செண்பகம் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துவைத்திருந்தாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் ரெகுலேட்டர் பஸ் ஏறியது.

"தெனம் புடுங்கிப் புடுங்கி மாட்டினா டியூபு வாய் தளர்ந்துடும்டி, அப்புறம் அதுவே ஒரு வம்பு" என்பாள் எதிர்வீட்டு ஜோதிலட்சுமி. நல்ல மனுஷி. பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு இருப்பதே இரண்டு கண், அதில் ஒன்று எப்போதும் டிவியில் இருக்கும்.

பள்ளிக்கூடம் இருக்கும் மாதங்களில் கவலை இல்லை, மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். மே மாதம்தான் எமன். விடியும் முன்பே எழுந்து செண்பகம் ஆக்கிவைத்துவிட்டுப் போகும் சோறு, மத்தியானம் ஒரு மணிக்கு விறைத்துப்போய் மாத்திரை மாதிரி தொண்டையில் நிற்கும். விக்கி இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். சாயந்தரம் அவள் வந்து பார்த்தால் தட்டு அப்படியே மூடியிருக்கும்.

அடையாறு வீட்டு நீரஜா மேடத்துக்கோ வேறு மாதிரிக் கவலை. வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். மகன் வெளியூரில் படிக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்களே, அவர்களைச் சமையலறைக்குள் இழுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. செல்போனிலிருந்து பிள்ளைகளை மீட்பதற்காக அவர் செல்போனிலேயே ஒரு சேனல் தொடங்கினார். 'குட்டிக் கரண்டி' என்று பெயர்.

குறை சொல்வதற்கில்லை, யோசனைகள் நன்றாகத்தான் இருந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு அஞ்சறைப் பெட்டியை முகர்ந்து, இது சீரகம், இது வெந்தயம் என்று சொல்லும் பந்தயம். பாட்டில் மூடியால் சப்பாத்தியை வெட்டி நிலா. தோசைக் கல்லில் அவரவர் பெயரின் முதல் எழுத்து. மேடத்துக்குப் பேச வந்தது. தேன் ஒழுகப் பேசுவார். வெங்காயம் நறுக்கத்தான் வராது. அதனால் முகமும் குரலும் மேடம், கை செண்பகம் என்று ஏற்பாடானது. மேலேயிருந்து தலைகீழாகத் தொங்கும் ஒரு போன், அதற்குக் கீழே செண்பகத்தின் இரண்டு கைகள். அடுத்தவர் பிள்ளைகளை அடுப்புப் பக்கம் கூப்பிடுவது அவளுக்கு வேலை. அந்த நேரத்தில் அவளுடைய ரெகுலேட்டர் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. வெறும் கைதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

ஒரு சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்தபோது விக்கி ஓடிவந்து தட்டை நீட்டினான். வெள்ளரிக்காயைக் கரண்டிக் காம்பால் குடைந்து, நாலு கேரட் வட்டத்தைக் குச்சியில் குத்தி, உள்ளே வேர்க்கடலை நிரப்பி ஒரு வண்டி. முந்தாநாள் அடையாறில் அவள் செய்த அதே வண்டி. சக்கரம்தான் ஒன்று கோணல்.

"இத்த எங்கடா பார்த்தே?"

"போன்ல. உன் கை வந்துச்சும்மா! அக்காதான் கண்டுபுடிச்சா."

கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மேடம் கொடுத்த பழைய போன் ஒன்று வீட்டில் இருந்தது, கண்ணாடி விரிசல் விட்டது. அன்புக்கரசி அதில் எதையோ தேடப்போய் 'குட்டிக் கரண்டி'யில் போய் விழுந்திருக்கிறாள். முகமே தெரியாத அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வடுவைப் பிடித்துக்கொண்டுதானே அவள் நடக்கப் பழகினாள்.

"பன்னெண்டு வீடியோவும் பார்த்துட்டோம்மா. நீ தொட்டா எல்லாம் சூப்பராகீது" என்றாள் அன்பு. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

செண்பகத்துக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாத்திரம் தேய்த்தாள். பகலில் பிள்ளைகளோடு இல்லையே என்று எத்தனை வருஷம் குமைந்திருக்கிறாள். இப்போது கையாவது வீட்டில் இருக்கிறது! "யார் கிட்டயும் சொல்லாத, மேடத்துக்குப் புடிக்குமோ இன்னாவோ" என்று மட்டும் மகளிடம் சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு திருட்டுத்தனம் ஆரம்பித்தாள். பொல்லாத திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. அடுத்த வீடியோவுக்கு என்ன செய்யலாம் என்று மேடம் கேட்பார். செண்பகம் உடனே தன் வீட்டு டப்பாக்களை மனதுக்குள் திறந்து பார்ப்பாள். அவல் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, வாழைப்பழம் கீழ்க் கடையில் கிடைக்கும்.

"பீட்சா பண்ணலாமா செண்பகம்? பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஓவன் தொடணுமே மேடம், பசங்க சுட்டுக்கும். அவல ஊறவெச்சி லட்டு புடிக்கலாம் மேடம். உடம்புக்கு நல்லது."

"அட, ஆமா, ஹெல்தி!" என்று மேடம் மகிழ்ந்துபோவார். இப்படியே தயிர் அவல், கொண்டைக்கடலை சுண்டல் என்று போனது. முதல் நாள் இரவே கடலையை வேகவைத்து வீட்டில் வைத்துவிட்டு வருவாள். காலையில் அடையாறில் எலுமிச்சம்பழம் பிழிவாள், மாங்காய் சீவிப் போடுவாள். மத்தியானம் பெரும்பாக்கத்தில் இரண்டு பிள்ளைகள் அதே மாதிரி பிழிந்து, அதே மாதிரி சீவிப் போட்டுச் சாப்பிடும். விக்கி தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தான். ஊரிலிருக்கும் பிள்ளைகளெல்லாம் செண்பகம் தன் பிள்ளைகளுக்குச் செய்ததைச் சாப்பிட்டார்கள், அது யாருக்கும் தெரியவில்லை.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மேடம் போனைப் பார்த்தபடி சமையலறை வாசலில் தயங்கி நின்றார்.

"செண்பகம், தப்பா நினைச்சுக்காதே. ஒரு அம்மா எழுதியிருக்காங்க. கையில இருக்கற அந்தத் தழும்பைப் பார்த்து அவங்க குழந்தை பயப்படறதாம். சமைச்சா இப்படி ஆயிடுமான்னு கேக்கறதாம். அதைப் படிச்சுட்டு இன்னும் நாலு பேரும் ஆமான்னு போட்டிருக்காங்க."

செண்பகம் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை பயந்ததில் என்ன தப்பு? சமைத்ததால் வந்த தழும்புதானே. உலகத்திலேயே அதைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்தக் குழந்தை ஒன்றுதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மேடம் கெட்டவர் இல்லை. இரண்டு சக்கர வண்டி ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் போட்டுக்கொள்வார்களே, தோள் வரைக்கும் வரும் வெள்ளைக் கையுறை, அதில் விரல் இல்லாத ரகமாகப் பார்த்து வாங்கிவந்திருந்தார். சமையலுக்கு இதுவும் சுத்தமாக இருக்கும் என்றார். "பழைய வீடியோ எல்லாத்தையும் எடுத்துட்டேன். அதையெல்லாம் மெதுவா திரும்ப எடுத்துக்கலாம். சனிக்கிழமை முதல் தடவையா லைவ் பண்றோம், நூறு குழந்தைங்களுக்கு மேல வராங்க" என்றார். மனம் நொந்துதான் சொன்னார். நொந்த மனதோடு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் அன்பு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விக்கிதான் விஷயத்தைச் சொன்னான். மூன்றாவது மாடி தாரணி, அன்பை விட ஒரு வயது பெரியவள், தாழ்வாரத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கிண்டல் செய்திருக்கிறாள். 'எங்க வீட்ல நான் தோசையே சுடுவேன், உங்கம்மா அடுப்பையே பையில போட்டுக்கினு போறா, உனக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?' அன்புக்குப் பொறுக்கவில்லை. அம்மா யாரிடமும் சொல்லாதே என்றது மறந்துபோய், 'எங்கம்மாதான்டி குட்டிக் கரண்டி! ஊருக்கே கத்துக் குடுக்குது!' என்று கத்தியிருக்கிறாள். காட்டு பார்க்கலாம் என்றார்கள். போனைத் திறந்தால் ஒரு வீடியோவும் இல்லை.

"புளுகினின்னு சொல்லிச் சிரிச்சாங்கம்மா" என்றான் விக்கி.

அன்பு எழுந்து உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"பெத்த புள்ளைங்களயே அடுப்பாண்ட வுடாதவ ஊருக்குக் கத்துக் குடுப்பாளான்னு கேட்டாம்மா அவ. நான் இன்னா சொல்றது?"

பதிலுக்குக் காத்திராமல் அன்பு போனை எடுத்து நீட்டினாள்.

"சனிக்கெழம லைவ்வுன்னு போட்டுகீது. அன்னிக்கு எல்லாரையும் எதுத்த வீட்டுக் கூடத்துக்குக் கூட்டியாந்து காட்டறேன். கைய மட்டும் நல்லா காட்டும்மா, போதும். கையப் பார்த்தா நம்புவாங்க."

"சரி" என்றாள் செண்பகம். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல முடியும்? கையுறையைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அதற்குள் மேடத்திடம் பேசிவிடலாம் என்று நினைத்தாள்.

பேசியிருக்கலாம்தான். செவ்வாய்க்கிழமை மேடத்துக்குத் தலைவலி. புதன்கிழமை விருந்தாளிகள். வியாழக்கிழமை வாயைத் திறந்துவிட்டாள், 'மேடம், என் பசங்க...' என்று ஆரம்பித்தும் விட்டாள். பசங்க பார்க்கிறார்கள் என்று சொன்னால், இத்தனை நாள் அவல் அவல் என்று அவள் இழுத்ததெல்லாம் எதற்கு என்று மேடத்துக்குப் புரிந்துவிடாதா? ஊர்ப் பிள்ளைகளுக்கான சேனலில் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள் என்று ஆகிவிடாதா? "என் பசங்க ஊருக்குப் போணும்னு கேக்குதுங்க மேடம்" என்று எதையோ சொல்லி முடித்தாள்.

லைவுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது மேடம் இந்த முறை அவளிடம் கேட்கவில்லை. பிடி கொழுக்கட்டை என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்த யோசனையும் என்றோ ஒருநாள் செண்பகம் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அரிசி ரவையைத் தாளித்துக் கிளறி, ஆறவைத்து, ஆளுக்கொரு பிடி கையில் வைத்து அழுத்தினால் அவரவர் விரல் அச்சு அதில் பதியும். எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து எடுத்துத் தட்டில் கலந்துபோட்டு, 'இது யார் கை?' என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு. செண்பகத்தின் வீட்டில் அது வழக்கமாக நடப்பது. அவளுடையதில் எப்போதும் மூன்று பள்ளம்தான் இருக்கும், மோதிர விரல் அழுந்தாது. விக்கி எடுத்தவுடன் சொல்லிவிடுவான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மேடம் புதுப் புடவையில் வந்தார். போன் தலைகீழாகத் தொங்கியது. செண்பகம் கையுறையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இன்னிக்கு மட்டும் இது வாணாமே. ரொம்ப வேர்க்குது."

"ஐயோ செண்பகம், இன்னைக்குத்தான் முக்கியம். எனக்கு மட்டும் ஆசையா? அரை மணி நேரம், ப்ளீஸ்." சொல்லிக்கொண்டே அவரே கையுறையை விரித்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல அவள் கையில் ஏற்றிவிட்டார். அந்தப் பிரியத்தை என்ன செய்வது! கையைப் பறித்துக்கொள்ள முடியவில்லை.

லைவ் ஆரம்பமானது. மேடம் கணீரென்று வணக்கம் சொன்னார். செண்பகம் கிளறிவைத்த மாவைக் கொட்டினாள். இந்நேரம் ஜோதிலட்சுமி வீட்டுக் கூடத்தில் விரிசல் விட்ட போனைச் சுற்றி எத்தனை தலைகளோ என்று நினைத்தாள். மாவு பிசைகிற சாக்கில் கையுறையின் விளிம்பை மேஜை ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் ஓர் அங்குலம் ஏறியது. இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தாள். மேடம் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதைக் கீழே இழுத்துவிட்டார்.

இனி இருப்பது ஒன்றுதான். செண்பகம் ஒரு பிடி மாவை எடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தி, தட்டின் நட்டநடுவில் வைத்தாள். மூன்று பள்ளம், பளிச்சென்று. பார்த்துக்கோ கண்ணு, இது நான்தான் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"பாருங்க குட்டீஸ், மூணு விரல்தான் வந்திருக்கு!" என்று மேடம் சிரித்தார். "இது சரியா வரலை, இல்லையா? பரவால்ல, இதை ஓரமா வெச்சிடலாம். நாம நாலு விரலும் தெரியற மாதிரி அழுத்தணும். ஆன்ட்டி காட்டறேன் பாருங்க." அந்தக் கொழுக்கட்டை படத்துக்கு வெளியே போனது. மேடத்தின் வளையல் போட்ட கை உள்ளே வந்தது. அதற்குப் பிறகு செண்பகம் தட்டை நகர்த்தினாள், தண்ணீர் கொடுத்தாள். லைவ் ரொம்பப் பிரமாதம் என்று நூற்றுக்கணக்கில் இதயம் பறந்தது.

அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் மேடம். கிளம்பும்போது கொழுக்கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, பசங்களுக்கு எடுத்துட்டுப் போ என்று கொடுத்தார். செண்பகம் அதையும் ரெகுலேட்டரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் ஓடிய நேரமெல்லாம் என்ன சொல்லலாம் என்றே யோசித்தாள். கை வலி என்று சொல்லலாமா? அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று சொல்லலாமா? எதுவும் தேறவில்லை.

அவள் மாடிப்படி ஏறும்போதே தாழ்வாரத்தில் பிள்ளைகள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். அந்த தாரணி, "வணக்கம் ஆன்ட்டி" என்றாள். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜோதிலட்சுமி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன் செண்பகம், சத்தியமா. வந்து பாக்கறேன், என் வீட்டு அடுப்பாண்ட உன் பொண்ணு நிக்குது. ஒண்ணும் பெரிசா ஆவல. நீ பதறாத."

செண்பகம் பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பை விழுந்த இடத்தில் ரெகுலேட்டர் தரையில் மோதி டணார் என்றது.

வீட்டுக்குள், தரையில் ஒரு தட்டு. அதில் இருபது இருபத்தைந்து கொழுக்கட்டை. சின்னதும் பெரிதுமாக, எல்லாவற்றிலும் நாலு நாலு பள்ளம். பக்கத்தில் அன்புக்கரசி நின்றாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"மூணு வெரலு வெச்சியேம்மா, நான் பாத்துட்டேன்" என்றாள் அவள். "நான் சொன்னேன். இதோ பாரு, எங்கம்மாதான்னு. யாரும் கேக்கல. கைய காட்டு, தழும்பு எங்கன்னாங்க. அதான்... நானே செஞ்சி காட்டிட்டேன். எங்கம்மா பொண்ணு எப்டி செய்யுது பாருங்கடீன்னு. எல்லாம் நீ செஞ்ச மாதிரியே செஞ்சேன். மூடியத் தொறக்க சொல்லோதான்..."

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி!"

அன்பு கையை நீட்டினாள். மணிக்கட்டில், உள்ளங்கை முடியும் இடத்திலிருந்து மேலே நாலு விரல் அகலத்துக்கு, ஆவி பட்டுச் சிவந்து நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி தண்ணீரில் வைத்து எடுத்திருக்கிறாள், ஈரம் இன்னும் காயவில்லை. பெரிய காயம் இல்லைதான். பத்து நாளில் ஆறிவிடும். ஆனால் இடம் அதே இடம்.

விக்கி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். சொல்லாமல் இருக்க முடியாத சந்தோஷம் அவன் முகத்தில்.

"அம்மா, அக்கா கையும் இப்ப உன் கை மாதிரியே ஆயிடுச்சி! தாரணி பாத்துட்டு, இப்ப நம்பறேன்னு சொல்லிட்டா. எல்லாரும் நம்பிட்டாங்கம்மா!"

செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கக் கை ஓங்கியிருந்தாள், அது எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. எட்டு வயதுச் செண்பகத்தை அன்று யாரும் அடிக்கவில்லை, கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றுதானே தினமும் அந்தச் சனியனைக் கழற்றிச் சுமந்தாள்.

"மருந்து வாங்கியாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஜோதிலட்சுமி படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அன்பு எதிரே வந்து உட்கார்ந்தாள். நல்ல கையால் ஒரு கொழுக்கட்டையை எடுத்து நீட்டினாள். அது இன்னும் சூடாக இருந்தது. இத்தனை வருஷத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த செண்பகத்துக்கு, ஆற்றங்கரையிலும் சரி, இங்கேயும் சரி, யாரும் சூடாக ஒன்றை எடுத்து நீட்டியதில்லை.

அவள் வாங்கிக் கடித்தாள். உப்பு சரியாக இருந்தது, தேங்காய் சரியாக இருந்தது, வெந்ததும் பதமாகத்தான் இருந்தது. ஒரு குறை இருந்திருந்தால்கூடத் திட்டியிருப்பாள்.

"எப்டிம்மா கீது?" என்று கேட்டாள் அன்பு. அவள் கண் அம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை.

செண்பகம் மகளின் சுட்ட கையைத் தூக்கித் தன் மடியில் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அப்புறம், வேறு வழியில்லாமல், அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"கெட்டிக்காரி."